நட்சத்திரம் மட்டும் போதாது
பிள்ளை எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலிகளைப் பற்றிய இந்தக் கட்டுரை, பயனர் மதிப்பீட்டில் நாலரை நட்சத்திரம் வாங்கிய செயலியைப் பிள்ளையின் போனில் தயங்காமல் போடலாம் என்று சொல்வது சரியாகப் படவில்லை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய லைஃப்360 என்ற அப்படிப்பட்ட செயலி, குடும்பங்களின் இருப்பிடத் தகவலை, அதை வாங்கி விற்கும் தரகு நிறுவனங்களுக்கு விற்றுவந்தது 2021 டிசம்பரில்தான் அம்பலமானது. நட்சத்திரத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? இலவசச் செயலி என்றால் அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில், பிள்ளையின் போனைப் பெற்றோர் கவனிக்க உதவும் கூகளின் ஃபேமிலி லிங்க் செயலி மட்டும்தான். அப்புறம், இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் எட்டாது. டியூஷன் முடிந்து மகள் டௌன்டவுன் தடத்தில் வரும்போது, செயலியின் வரைபடத்தில் அவளைக் காட்டும் புள்ளி சிலசமயம் லிட்டில் இந்தியாவிலேயே நிற்கும், அவள் புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கியிருப்பாள். அதைப் பார்த்துப் பதறக் கூடாது. மேலே கருத்து எழுதிய ஒருவர் பிள்ளைக்குத் தெரியாமல் போடச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம், பிள்ளையிடம் சொல்லிவிட்டே போடுங்கள்.