அந்தக் கேப்சூலில் எண்ணெய் மட்டுமா இருந்தது?

பூசணி விதை எண்ணெய் சாப்பிட்டால் முடி 40 சதவீதம் கூடும் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். அது 2014-ல் வெளிவந்த கொரிய ஆய்வு. முடி கொட்டும் 76 ஆண்கள், தினம் 400 மில்லிகிராம், 24 வாரம். மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 10 சதவீதம் கூடியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதோடு, கொடுத்த கேப்சூலில் தக்காளிப் பொடி உட்பட வேறு சரக்குகளும் சேர்ந்திருந்தன. பெயர் வாங்கியது மட்டும் எண்ணெய்!

புராஸ்டேட் சுரப்பி வீங்கி வரும் சிறுநீர்த் தொந்தரவுக்குப் பூசணி விதை நல்லது என்கிற கதை இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் 1,400 பேருக்கு மேல் வைத்து ஓராண்டு பார்த்தார்கள். விதைச் சத்துக் கேப்சூல் (எண்ணெய் அல்ல, விதையிலிருந்து பிரித்தெடுத்த சாறு) டம்மியைத் தாண்டவில்லை. தினம் இருவேளை 5 கிராம் விதையை அப்படியே சாப்பிட்டவர்களில் 100-க்கு 58 பேருக்குத் தொந்தரவு குறைந்தது. டம்மியிலேயே 47 பேருக்குக் குறைந்ததே!

எங்கப்பா ஆறு மாதமாக டப்பா டப்பாவாக எண்ணெய்க் கேப்சூல் வாங்குகிறார். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. பரங்கிக்காய் நறுக்கும்போது அம்மா வழித்துக் குப்பையில் போட்ட விதை இப்போது மொட்டைமாடியில் முறத்தில் காய்கிறது. டாக்டரிடம் வர மட்டும் மனுஷர் மாட்டேன் என்கிறார்.