மிச்சம் மீதி விளையாடுகிற இடமில்லை அது

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எனக்கே மூன்று பேர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பல்கலைக்கழக ஐஸ் ஹொக்கி அணியில் இடம் கிடைத்ததற்காக ஒரு பொடியனை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் கேடயத்தையும் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்தவர் சொல்கிறார்: "என்.எச்.எல்.லுக்குத்தான் எடுபடேல்லை, பரவாயில்லை, கம்பஸிலயாவது விளையாடட்டும், படிச்ச மாதிரியும் இருக்கும்." (என்.எச்.எல். என்றால் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஹொக்கி லீக்.) மண்டபம் சிரிக்கிறது. பொடியனும் சிரிக்கிறான். அவனுடைய அந்தச் சிரிப்புத்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

பகிடிக்குச் சொன்னதைப் பெரிதாக்காதே என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பகிடி என்றால் மேடையில் நின்றவனுக்கும் அது பகிடியாக இருந்திருக்க வேண்டும். கௌரவிக்கக் கூப்பிட்ட பிள்ளையைத் தோற்றவன் என்று அறிமுகப்படுத்துவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழக ஹொக்கி மேலே போக முடியாமல் மிஞ்சியவர்கள் ஒதுங்குகிற இடமில்லை. அப்படி நினைப்பவர்களுக்கு இந்தக் கனடாவில் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரியாததில் பிழையில்லை, நானும் ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தவன்தான். ஆனால் தெரியாமல் மேடையில் ஏறி ஒரு பிள்ளையைச் சின்னதாக்கக் கூடாது.

நான் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தவன், ஆகவே எனக்குத் தெரிந்த அணியை வைத்தே சொல்கிறேன். வார்சிட்டி புளூஸ். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் ஹொக்கி அணி 1891இல் தொடங்கியது. நீங்கள் தூக்கிப் பிடிக்கிற என்.எச்.எல். பிறந்தது 1917இல். இருபத்தாறு வயது மூத்தது மாணவர்களுடைய அணி. மொன்றியலுக்குப் போனால் இன்னும் பின்னால் போகலாம். 1875 மார்ச் 3ஆம் திகதி விக்டோரியா சறுக்கு மண்டபத்துக்குள் ஒழுங்கான முதல் ஆட்டம் நடந்தபோது விளையாடியவர்களில் பலர் மக்கில் பல்கலைக்கழகத்துப் பொடியன்கள். இரண்டு வருடத்தில் அங்கே ஒரு ஹொக்கிக் கழகமே வந்துவிட்டது. கிங்ஸ்டனில் இருக்கிற குயின்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1895, 1899, 1906 என்று மூன்று தடவை, இன்று என்.எச்.எல்.லின் கிண்ணமாக இருக்கிற ஸ்டான்லி கிண்ணத்துக்கே சவால் விட்டு விளையாடியிருக்கிறார்கள். வெல்லவில்லை. ஆனால் இன்று எந்த மாணவர் அணி அந்தக் கிண்ணத்துக்குக் கிட்டப் போக முடியும்? இந்த விளையாட்டை வளர்த்தெடுத்தவர்கள் மாணவர்கள். சம்பளமும் ஒப்பந்தமும் பிறகு வந்தவை.

அப்புறம் 1920. கனடாவின் சீனியர் அமெச்சூர் (சம்பளம் வாங்காத) அணிகளுக்கான அலன் கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகம் வந்து தோற்றது. யாரிடம் தோற்றது என்பதைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். வின்னிபெக் ஃபால்கன்ஸ். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். சொந்த நகரத்தில் பெரிய அணிகளின் லீக்கில் இடம் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்த பொடியன்கள் அவர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தை வென்று, அந்த வருடமே அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கமும் கொண்டுவந்தார்கள். "இது வெள்ளைக்காரன்ட விளையாட்டு, எங்களுக்கு ஏன்" என்று கேட்கிற அண்ணைமார் இந்தக் கதையை ஒருதரம் யோசித்துப் பாருங்கள். நேற்று வந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் நூறு வருடத்துக்கு முன்பும் இதே ஐஸில் நின்றிருக்கிறார்கள். (அவர்களும் வெள்ளையர்கள்தானே என்று ஒருவர் வருவார். வரட்டும். ஒதுக்கப்பட்டவன் உள்ளே போன கதை எனக்கு முக்கியம்.)

அடுத்த வருடமே, 1921இல், அலன் கிண்ணம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 1927இல் அங்கே படித்து முடித்தவர்களின் அணியான வார்சிட்டி கிராட்ஸ் அதே கிண்ணத்தை வென்று, 1928இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மொரிட்ஸில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கனடாவின் அணியாகவே போனது. சுவீடனுக்கு எதிராக 11, பிரித்தானியாவுக்கு எதிராக 14, சுவிட்சர்லாந்துக்கு எதிராக 13. மூன்று ஆட்டத்தில் 38 கோல், எதிரே நின்றவர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. டேவ் ட்ரொட்டியரும் ஹியூ பிளாக்ஸ்டனும் ஆளுக்குப் பன்னிரண்டு. கோல் காத்த ஜோ சலிவன் ஒரு மருத்துவர், 1957இல் செனட்டரும் ஆனார். பிளாக்ஸ்டன் நாடாளுமன்றத்துக்குப் போனார். "படிச்ச மாதிரியும் இருக்கும்" என்று மேடையில் சொன்னீர்களே, இவர்கள் படித்தவர்கள். படித்தும் உலகத்தை வென்றவர்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்பதை ஏன் நம்ப மறுக்கிறோம்?

அந்த அணியை உருவாக்கிய கொன் ஸ்மைத் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. யாரைச் சேர்ப்பது என்ற தகராறில் வீட்டிலேயே நின்றுவிட்டார். அதற்கு முன்பு, 1926இல், நியூயோர்க் ரேஞ்சர்ஸ் என்ற என்.எச்.எல். அணிக்கு ஆட்களைத் தேடித் தெரிவு செய்து கொடுத்தவரும் அவர்தான். அவர்கள் முதல் பருவம் தொடங்குவதற்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஸ்மைத்தான் 1927இல் ரொறன்ரோ சென்ட் பட்ரிக்ஸ் என்ற என்.எச்.எல். அணியை வாங்கி மேப்பிள் லீஃப்ஸ் என்று பெயர் மாற்றியவர். பச்சையாக இருந்த சட்டை நீலமும் வெள்ளையுமானது. வார்சிட்டியின் நிறமும் நீலமும் வெள்ளையும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எத்தனை தமிழ் வீட்டு வாசலில் லீஃப்ஸ் கொடி பறக்கிறது. அந்த லீஃப்ஸைக் கட்டி எழுப்பியவர் பல்கலைக்கழக ஐஸில் விளையாடி, பல்கலைக்கழகப் பொடியன்களுக்குப் பயிற்சி கொடுத்து வளர்ந்தவர். வேரைக் கேலி செய்துவிட்டுப் பூவைத் தலையில் வைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. நாம் எல்லோரும் வந்து இறங்கிய விமான நிலையத்துக்கு யாருடைய பெயர்? லெஸ்டர் பியர்சன். பிரதமர், நோபல் சமாதானப் பரிசு பெற்றவர் என்பதெல்லாம் குடியுரிமைச் சோதனைக்குப் படித்தபோது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவர் 1920களில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்துக்கொண்டு வார்சிட்டி ஹொக்கி அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர். எனக்கு இது தெரியவந்த அன்று நான் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். 1991இல் அந்த விமான நிலையத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒரு சூட்கேசோடு நின்ற இரவை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தாள் எங்கட வாத்தியார் மாதிரி" என்றார்.

அப்பாவை ஒரு தடவை வார்சிட்டி அரீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புளோர் வீதியில், 1926இல் திறந்த கட்டடம். நடுவில் தூண் இல்லை, எங்கே இருந்தாலும் முழு ஐஸும் தெரியும். உள்ளே இருந்தவர்கள் நூறு பேர் வருவார்களோ என்னவோ. வெளியில் இருந்த குளிர் உள்ளேயும் இருந்தது. அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துக்கொண்டு கேட்டார், இவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்று. சம்பளம் இல்லை, நாளைக்குக் காலையில் அவர்களில் பாதிப் பேருக்குச் சோதனை இருக்கும் என்றேன். அப்பா அதன் பிறகு வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். ஒரு பொடியன் பக்கை (ஐஸில் அடித்து விளையாடுகிற தட்டை வட்டை)த் தடுக்கக் குறுக்கே விழுந்தபோது எழும்பி நின்றே விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் சொன்னார், "இது எங்கட பெருஞ்சமர் மாதிரியடா."

அப்பா யாழ் மத்திய கல்லூரிக்காரர். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 1904 முதல் நடக்கிற அந்தக் கிரிக்கெட் போட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. வடக்கின் பெருஞ்சமருக்காக இங்கிருந்து டிக்கெட் போட்டு ஊருக்குப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே மட்டை பிடிக்கிற பொடியனைப் பார்த்து, "தேசிய அணிக்கு எடுபடேல்லை, பள்ளிக்கூடத்துக்காவது விளையாடட்டும்" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் மைதானத்தை விட்டு முழுதாக வெளியே வர முடியுமா? அங்கே நமக்குப் புரிகிறது, ஒரு கல்லூரியின் சட்டையைப் போட்டு விளையாடுவதே ஒரு பெருமை என்று. இங்கே வந்ததும் ஏன் மறந்துபோகிறோம்?

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன். தரம் இல்லை என்பீர்கள். டொம் வாட் என்று ஒருவர் 1965 முதல் 1979 வரை வார்சிட்டியின் பயிற்சியாளர். கனடியப் பல்கலைக்கழகங்களின் தேசியக் கிண்ணத்தை ஒன்பது தடவை வென்றார், அதில் 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து. பிறகு என்.எச்.எல்.லுக்குப் போய் வின்னிபெக் அணியோடு 1982இல் சிறந்த பயிற்சியாளர் விருதையும் எடுத்தார். 1984இல் மைக் கீனன் வார்சிட்டிக்குப் பத்தாவது கிண்ணத்தை வென்று கொடுத்து, அதே வருடம் பிலடெல்பியாவின் என்.எச்.எல். அணிக்குப் போனார், பத்து வருடம் கழித்து நியூயோர்க்கோடு ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார். இவர்களுக்குத் தரம் தெரியாதா?

1984க்குப் பிறகு என்ன என்று கேட்பீர்கள். உண்மை, அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் எங்களிடம் வரவில்லை. அல்பேட்டா பல்கலைக்கழகம் எங்களைக் கடந்து எப்போதோ போய்விட்டது. நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் 2023-24இல் 43 ஆட்டம் விளையாடி 43ஐயும் வென்றது. அந்தக் கிண்ணத்தை அவர்கள் தூக்கிய இடம் ஸ்மைத் 1931இல் ரொறன்ரோவில் கட்டிய பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம், அதாவது எங்கள் வீட்டு முற்றம். வலிக்கிறதுதான், மறைக்க மாட்டேன். ஆனால் நாற்பது வருடம் வெல்லாத அணிக்கு மரியாதை இல்லை என்றால் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தைக் காணாத லீஃப்ஸின் கொடியையும் இறக்குங்கள். இறக்க மாட்டீர்கள். இறக்கவும் வேண்டாம், நானும் இறக்க மாட்டேன்.

இது காசுக்காரர் விளையாட்டு என்பதுதான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான மறுப்பு. சப்பாத்து, தடி, கவசம், ஐஸ் வாடகை எல்லாம் விலைதான், கட்ட முடியாமல் பிள்ளையை நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. அந்தப் பொடியனின் தாயும் தகப்பனும் எத்தனை வருடம் விடிய நாலரைக்கு எழும்பி, மார்கழிக் குளிரில் வான் வண்டியைச் சூடாக்கி, 401 நெடுஞ்சாலையில் ஓடியிருப்பார்கள்? அவர்கள் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். வீடியோவில் தகப்பனின் முகம் ஒரு கணம் தெரிகிறது. திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இந்த வசனம் பழக்கமானது, அதுதான் காரணம். எனக்கு மருத்துவம் கிடைக்காத வருடம், ஒரு கலியாண வீட்டில், சொந்தக்காரர் ஒருவர் என் தோளில் கையைப் போட்டு நாலு பேருக்கு அறிமுகப்படுத்தினார், "இவருக்கு மெடிசின் கிடைக்கேல்லை, பரவாயில்லை, கணக்குப் படிக்கிறார்." நானும் சிரித்தேன். எனக்குக் கணக்கென்றால் உயிர். அதை விரும்பித்தான் எடுத்தேன். ஆனால் அந்த "பரவாயில்லை"க்குப் பிறகு ஐந்தாறு வருடம், என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் நானே அந்தச் சொல்லோடுதான் தொடங்குவேன். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குக் கலியாண வீட்டிலிருந்து சாப்பிடாமலே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

உச்சிக்கு ஒரு படி கீழே நின்றாலும் அதை விழுந்தது என்றே கணக்கு வைக்கிறோம். கனடாவில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் ஆறு வயதில் ஐஸில் இறங்குகிறார்கள், அதில் எத்தனை பேர் பல்கலைக்கழக அணி வரைக்கும் வருகிறார்கள்? வந்தவன் மேலே வந்தவன். அவனைப் பார்த்துப் "பரவாயில்லை" என்று சொல்ல நாம் யார்? நம்மில் எத்தனை பேர் ஐஸில் பத்து அடி விழாமல் நடப்போம்?

ஒலிவாங்கியைப் பிடித்தவர் கெட்டவர் இல்லை, எனக்கு அவரைத் தெரியும், ஊருக்கு நிறையச் செய்கிறவர். அவருக்கு உள்பெட்டியிலும் எழுதினேன். "நீங்கள் எல்லாம் சரியான சென்சிற்றிவ்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் இதைப் பொதுவில் எழுத முடிவெடுத்தேன். அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பதிவை நான் எடுத்துவிடுவேன்.

நேற்றிரவு 1928 அணியின் பழைய படம் ஒன்றை அவனுக்கு அனுப்பினேன், யார் யார் என்று பெயரும் எழுதி. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை. விடிய நாலு இருபதுக்குப் பதில் வந்திருந்தது: "தாங்ஸ் அங்கிள். இப்ப பிராக்டிசுக்குப் போறேன், வந்து வாசிக்கிறேன்."