ஆறு கிலோமீட்டர் என்ற எண்ணும் எங்கள் ஜன்னல் பலகையும்

கோத்தகிரிக்குக் கீழே நாங்கள் குடியிருக்கும் சரிவில், பக்கத்து வீட்டு அக்காவின் கைபேசி எப்போதும் சமையலறை ஜன்னல் பலகையில், கரியால் கோடு கிழித்த ஓர் இடத்தில்தான் இருக்கும். அதை ஒரு சாண் நகர்த்தினாலும் சிக்னல் போய்விடும். கடந்த ஐப்பசி மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் எதிர்ச்சரிவில் இருக்கும் டவரும் அணைந்தது. கனமழை எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் மறுநாள் மதியம் வெயில் வந்த பிறகு வரிசையாக வந்து சேர்ந்தன. "மழை விட்டப்புறம் மழை வருதுன்னு சொல்லுதே தம்பி" என்று அக்கா சிரித்தார்.

நிறுவனத்தின் அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போகலாம். நானும் பலமுறை திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு வலையமைப்பு எதைச் செய்தே ஆக வேண்டும் என்பது டவர் நடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தரநிலை (எல்லாக் கருவிகளும் பின்பற்ற வேண்டிய பொது விதிகள்) எழுதும் கூட்டங்களில் முடிவாகிவிடுகிறது. சமூகம் எதை மதிக்கிறது என்பது அங்கே ஓர் எண்ணாக நுழைந்தால்தான் கருவிக்குள் வரும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஐந்தாம் தலைமுறைக் (5ஜி) கைபேசித் தொழில்நுட்பங்களை மதிப்பிட, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கிராமப்புறச் சோதனைச் சூழல் ஒன்றை வகுத்தபோது, இரண்டு டவர்களுக்கு இடையிலான தூரம் 1,732 மீட்டர் என்றே முதலில் கொள்ளப்பட்டது. அவ்வளவு நெருக்கமாக டவர் நட்டால் இந்தியக் கிராமத்தில் கட்டுப்படி ஆகாது என்றும், ஊராட்சித் தலைமைக் கிராமத்தில் இருக்கும் ஒரு டவரே சுற்றியுள்ள குக்கிராமங்களையும் எட்ட வேண்டும் என்றும் இந்தியத் தரப்பு வாதிட்டது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஆய்வகங்களின் உழைப்பும் இதன் பின்னால் இருந்தது. 2017-இல் 6 கி.மீ. இடைவெளி கொண்ட சோதனையும் மதிப்பீட்டு விதிகளில் சேர்ந்தது. அந்த எண் வந்த பிறகுதான், கைபேசியிலிருந்து போகும் பலவீனமான அலையை அதிக தூரம் எட்டச் செய்யும் முறைகளுக்கு ஒரு கட்டாயம் பிறந்தது. ஏழை கிராமமும் பேச வேண்டும் என்ற மதிப்பு, 6,000 மீட்டர் என்று எழுதப்பட்டதால் பொறியியலாகியது.

(ஆறு கிலோமீட்டர் சமவெளிக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அறுநூறு மீட்டரிலேயே ஒரு மலை குறுக்கே நிற்கும்.)

இப்போது ஆறாம் தலைமுறைக்கான (6ஜி) வேலை நடக்கிறது. 2023 நவம்பரில் அதே ஒன்றியம் ஏற்ற, ஆறாம் தலைமுறைக்கான ஐ.எம்.டி.-2030 என்ற சட்டகத்தில், நீடித்த தன்மை, இணைப்பில்லாதவர்களை இணைத்தல், பாதுகாப்பும் தாக்குப்பிடிக்கும் திறனும் ஆகியவை அடிப்படைக் கொள்கைகளாகவே இடம்பெற்றுள்ளன. மகிழ்ச்சிதான். ஆனால் உச்ச வேகத்துக்கு விநாடிக்கு 50, 100, 200 ஜிகாபிட் என்றும், தாமதத்துக்கு 0.1 முதல் 1 மில்லி விநாடி என்றும் ஆய்வு இலக்குகள் கொடுத்திருக்கும் அதே ஆவணம், பரப்பெல்லை (சிக்னல் எட்டும் பரப்பு), தாக்குப்பிடிக்கும் திறன், நீடித்த தன்மை ஆகியவற்றுக்கு எண் எதையும் கொடுக்கவில்லை. எண் உள்ளதற்குப் போட்டி நடக்கும். எண் இல்லாததற்கு முன்னுரை மட்டும் எழுதப்படும் என்பதே என் அச்சம்.

2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரி நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இந்த மலைக்கு 200 ஜிகாபிட் வேண்டாம். மின்சாரம் போன பிறகும் டவர் 48 மணி நேரம் குரலையும் எச்சரிக்கையையும் மட்டுமாவது சுமக்க வேண்டும் என்ற விதி வேண்டும். பேட்டரி பாதியாகக் குறைந்ததும் காணொளியை நிறுத்திவிட்டுக் குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் மின்சாரத்தைச் சேமிக்கும்படி டவரை வடிவமைக்க இயலும். யாருடைய சேவை முதலில் அணைய வேண்டும் என்று துணிந்து சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அலைகளின் எதிரொலியைக் கொண்டு, கையில் கைபேசி இல்லாதவரின் நடமாட்டத்தைக்கூட உணரும் திறனும் ஆறாம் தலைமுறையில் சேர்கிறது. கூடலூர்ப் பக்கம் யானை வருவதை முன்கூட்டியே சொல்ல அது உதவக்கூடும், உயிர்களும் பிழைக்கும். அதே கண் காட்டில் தேனெடுக்கப் போகும் குறும்பரையும் பார்க்கும். அந்தத் தரவு யாரிடம் இருக்கும், எத்தனை நாளில் அழியும் என்பதைக் கருவி வந்த பிறகு சட்டத்தில் தேடுவதைவிட, தரநிலையிலேயே கேட்டு வாங்குவது எளிது.

தரநிலைக் கூட்டங்களில் உட்காரும் தமிழ்ப் பொறியாளர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். 6 கி.மீ.யை எழுத வைத்தது போலவே, மின்சாரமற்ற ஒரு மலையிரவையும் சோதனைச் சூழலாக எழுத வையுங்கள். எங்கள் சரிவின் அளவுகள் வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன்; அக்காவின் ஜன்னலில் கோடு ஏற்கெனவே கிழித்திருக்கிறது.