மலையேறும் சட்டைக்கு ஐயாயிரம் ரூபாயா?

அக்கா மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். இணையக் கடையில் அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பொருட்களின் பட்டியல். மலையேறும் சட்டை இரண்டு, முழங்காலுக்குக் கீழே ஜிப்பைத் திறந்து கழற்றும் பேன்ட், வாத்து இறகு அடைத்த ஜாக்கெட், மழை ஜாக்கெட், தொப்பி, இன்னும் ஏதேதோ. மொத்தம் 23,400 ரூபாய். கீழே ஒரு வரி: "மாமா, இது போதுமா?"

எங்கே போகிறாய் என்று கேட்டேன். டாப்சிலிப் பக்கம், வனத்துறை அழைத்துப் போகும் ஒரு நாள் நடை என்றான். காலையில் போய் மாலையில் திரும்பும் காட்டு நடைக்கு வாத்து இறகு! அதைப் போட்டுக்கொண்டு ஆனைமலையில் பத்து நிமிடம் நடந்தால் இட்லிபோல வெந்துவிடுவான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 நடைப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியதிலிருந்து, அதுவரை மலையைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்கள்கூட ஏறக் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் போகிறவர்களெல்லாம் முதலில் பார்ப்பது காணொளிகளை. அவற்றில் பேசுகிறவர்கள் நிற்பது பனி மலையில். அங்கே தேவைப்படுவதை இங்கே வாங்கிக் குவிக்கிறோம்.

நானும் பாடம் படித்துத்தான் வந்தேன். கல்லூரி முடித்த வருடம் முதன்முறையாகக் கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி ஏறினேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மலை. மார்ச் மாதம், இரவு பத்து மணிக்கு அடிவாரத்துப் பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஜீன்ஸ், உள்ளே பருத்திப் பனியன், மேலே பருத்திச் சட்டை. முதல் மலையின் படிகளிலேயே பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்த்துவிட்டது. வியர்வை நல்லதுதானே, உடம்பு இளைக்கும் என்று சிரித்துக்கொண்டே ஏறினோம். ஆறாவது மலையில் ஆண்டி சுனை அருகே உட்கார்ந்தபோதுதான் காற்று வந்தது. ஐந்து நிமிடத்தில் பல் கிட்டிவிட்டது. முதுகில் யாரோ ஈரச் சாக்கைப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. ஏழாவது மலையில் விடியலைப் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் பார்த்தது என் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைத்தான்.

ஆண்டி சுனையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், காலில் செருப்பில்லை. வழி முழுக்க அவரை இடுப்பு வேட்டியோடு, வெற்று மார்போடு பார்த்திருந்தேன். என்ன வைராக்கியம் என்று நினைத்தேன். அங்கே வந்ததும் துண்டால் உடம்பை அழுந்தத் துடைத்தார். மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே பாலிதீன் உறையில் சுற்றிய சட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல், காய்ந்து மொறமொறவென்று. அதைப் போட்டுக்கொண்டார். மேலே ஒரு கருப்புக் கம்பளி. பிறகு என்னைப் பார்த்து, "சட்டையை ஏறும்போதே போட்டுக்கொண்டு வந்தாயா தம்பி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

மலையேறும் ஆடையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். மூன்று அடுக்கு முறை என்று பெரிதாக எழுதுவார்கள். உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே இழுக்கும் துணி, அதன்மேல் சூடு காக்கும் துணி, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் துணி. எல்லாம் அந்த மஞ்சள் பையில் இருந்ததுதான். ஏறும்போது குறைத்துக்கொள், நின்றவுடன் காய்ந்ததைப் போர்த்து. இதைச் செய்ய விலை உயர்ந்த துணி வேண்டியதில்லை. எந்தத் துணி தண்ணீரை என்ன செய்யும் என்று தெரிந்தால் போதும்.

சாதாரண அறைக் காற்றில் சும்மா கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. பருத்தி நூல் வியர்வையைத் தனக்குள் குடித்துக்கொள்கிறது, பாலியஸ்டரில் அது நூலுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் ஒன்று காய வெகுநேரம் ஆகிறது, மற்றொன்று சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஆண்டி சுனையில் நான் ஆடிய ஆட்டத்துக்குக் கணக்குச் சரியாக வரும். அன்று வீட்டுக்கு வந்து அந்த ஜீன்ஸைத் துவைத்துப் பிழிந்து தராசில் வைத்தேன். காய்ந்தபோது முக்கால் கிலோ, நனைந்த பிறகு ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. மலைக்கு ஜீன்ஸ் போடாதே என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

உடனே பருத்தியே ஆகாது என்று ஒரு கூட்டம் கிளம்பும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த விதியை அப்படியே கிளிப்பிள்ளைபோலச் சொல்வது அது. ஏப்ரல் வெயிலில் பர்வதமலை ஏறுகிறவனுக்கு, தொளதொளவென்ற முழுக்கைப் பருத்திச் சட்டைபோல வேறொன்று இல்லை. ஈரமாக இருப்பதுதான் அங்கே சுகம், அது காயக் காய உடம்பு குளிரும். குளிர்ந்த காற்றும் இரவும் சேரும் இடத்தில்தான் அதே சட்டை எதிரியாகிறது. எந்த மலை, எந்த மாதம், எந்த நேரம் என்று கேட்காமல் துணியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

சரி, எங்கே வாங்குவது? நான் திருப்பூர்க்காரன். அப்பா பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் பேட்லாக், அதாவது தட்டைத் தையல் போடும் டெய்லராக இருந்தார். அதனால் ஐயாயிரம் ரூபாய்ச் சட்டையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்து, ஆர்டருக்கு மேல் மிஞ்சியதும், நிறம் கொஞ்சம் மாறியதால் திரும்பியதும், எங்கோ ஒரு தையல் விலகியதால் ஒதுக்கியதும் அங்கேதான் வந்து குவியும். கழுத்துப் பட்டியில் லேபிளை வெட்டியிருப்பார்கள். அதை வெட்டினால் விலையும் சேர்ந்து வெட்டுப்படும், துணி அதே துணிதான். ஓட்டக்காரர்கள் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டை 180 ரூபாய்க்கு வாங்கி நான்கு வருடமாகப் போடுகிறேன். இன்னும் ஒரு நூல் பிரியவில்லை.

ஆனால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. "டிரை ஃபிட் சார், டிரை ஃபிட்" என்று கூவுகிறவர் பாதிப் பருத்தியையும் அதே பெயரில்தான் விற்பார். இடுப்புக்கு உள்ளே பக்கத் தையலோடு ஒரு சின்னத் துணிச் சீட்டு இருக்கும், எந்த நூல் எத்தனை சதவீதம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். கழுத்து லேபிளை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஓரத்தில் ஒரு சொட்டு விடுவேன். பருத்தி அதைக் குடித்துவிட்டுக் கறையாக நிற்கும். நல்ல விளையாட்டுத் துணியில் சொட்டு கையகலத்துக்குப் பரவி, விலை பேசி முடிப்பதற்குள் காயத் தொடங்கிவிடும். இன்னொரு வழி, மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவது. பருத்தி காகிதம் எரிவதுபோல மணந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகச் சுருளும், கம்பளி மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். இதைக் கடைக்குள் செய்யாதீர்கள். நான் ஒருமுறை செய்து கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. உருகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுப்பு, தீ பக்கத்தில் அந்தச் சட்டையோடு குனியாதீர்கள்.

பிறகு தையலைத் திருப்பிப் பாருங்கள். தோளில் பை வார் அழுந்தும் இடத்தில் ஓவர்லாக் தையல் கயிறுபோலப் புடைத்திருந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். பேட்லாக் அடித்துத் தட்டையாக இருந்தால் எடுக்கலாம். அப்பா இன்றும் சட்டையை நிறம் பார்த்து வாங்க மாட்டார், தோளை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். நேர்த்தியாக மடித்து வைத்திருக்கும் பெரிய கடைகளில் எல்லோரும் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள், சட்டை கடிப்பது உள்பக்கத்தில்.

பேன்ட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர், முழங்கால் மடக்கிக் குந்தினால் இழுக்காமல் இருக்க வேண்டும். கடையிலேயே குந்திப் பாருங்கள். தொடை உரசலைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, ஊருக்குத் திரும்பும்போது மட்டும் காலை அகட்டி நடப்பார்கள். உள்ளே சைக்கிள்காரர்கள் போடும் லைக்ரா அரைக்கால்சட்டை போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அக்காவின் குறை வேறு. பெண்களுக்கென்று விற்கும் மலையேற்றப் பேன்ட்டில் பை வைப்பதே இல்லை, வைத்தாலும் ஒரு சாவி நுழையாது. அவள் ஆண்கள் பிரிவில் சின்ன அளவு வாங்கி, இடுப்பை மட்டும் பிடித்துத் தைத்துக்கொள்கிறாள்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், காலில் போடுங்கள் என்பேன். ஷூவிலும் காலுறையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பருத்திக் காலுறை நனைந்து சுருண்டு கொப்புளம் கிளப்பும். கம்பளி கலந்த காலுறை இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றைக் காயவைத்தே பைக்குள் வைத்திருங்கள். இரவு தங்கும் பயணம் என்றால் தூங்கும்போது மட்டும் போட அது. ரத்தம் குடிக்கும் அட்டை இருக்கும் காட்டுக்கு, காலில் மாட்ட முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுத் துணிப் பை ஒன்றைத் தெருமுனைத் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் பருத்திக் காடாத்துணியே சிறப்பு.

மழை ஜாக்கெட்டில்தான் நானும் ஏமாந்தேன். "நீர் புகாது" என்று எழுதியிருந்த ஒன்றை இணையத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். துணியில் தண்ணீர் புகவில்லை, உண்மைதான். தையல் ஓட்டை ஒவ்வொன்றிலும் புகுந்தது. உள்ளே தையலின்மேல் நாடா ஒட்டாமல் விட்டிருந்தார்கள். அதைக்கூடப் பார்க்கத் தெரியாத டெய்லர் மகன் நான்! இன்னொரு உண்மையும் இருக்கிறது. வியர்வையை ஆவியாக வெளியே விடும் விலை உயர்ந்த ஜாக்கெட்டுகள், வெளிக்காற்று காய்ந்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஜூலை மாத வால்பாறையில், காற்றே நனைந்து கிடக்கும்போது ஆவி எங்கே போகும்? பதினைந்தாயிரம் கொடுத்தவரும் உள்ளே வியர்வையில் நனைந்துதான் நிற்பார். அதனால் நம் மழைக்குப் பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ என்ற மழைப் போர்வை போதும், 350 ரூபாய். எங்கள் பாட்டி சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு மாட்டை ஓட்டி வருவாள். தலை, முதுகு எல்லாம் மூடும், பக்கவாட்டில் காற்று புகும். போஞ்சோவின் வடிவமைப்பும் அதுதானே. முகட்டில் காற்று அடிக்கும்போது அது பட்டம்போலப் பறக்கும் என்பது உண்மை. இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாது, அங்கே குளிர் மன்னிக்காது. ஆனாலும் வருடத்தில் ஐந்து நாள் போடும் இறகு ஜாக்கெட்டை ஏன் வாங்க வேண்டும்? மணாலி போன்ற ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். ஜிப்பையும் கையிடுக்கையும் சோதித்து எடுங்கள். அது நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு சூடு போய்விடும் என்பதால் மேலே போட மழை தடுக்கும் ஒன்று வேண்டும்.

1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பாட்டி, அப்பலேச்சியன் பாதையில் 3,200 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த பை. மழைக்குக் குளியலறைத் திரை. அவரைப்போலப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, என் முழங்காலே கேட்காது. கடைக்காரர் "இது இல்லாமல் மலைக்குப் போகவே முடியாது சார்" என்னும்போது மட்டும் அந்தக் குளியலறைத் திரையை நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் காதர்பேட்டைக்கு அழைத்துப் போனேன். டி-ஷர்ட் இரண்டு 360, பேன்ட் 450, சூடு காக்க மெத்தென்ற ஃபிளீஸ் மேல்சட்டை 600. வெளியே வந்து போஞ்சோ 350, காலுறை இரண்டு ஜோடி 500, அட்டை ஏறாமல் காலில் மாட்டும் பைக்குத் தையல்கூலியோடு 150, ஷூ 2,400. மொத்தம் 4,810. ஃபிளீஸ் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு ஜெர்மன் பால் கம்பெனியின் பெயர் நெஞ்சில் பெரிதாக அச்சிட்டிருந்தது. படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும் என்றான். உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொள் என்றேன். திருப்பினான், தோளைத் தடவினான், "மாமா, இதில் தையல் தட்டையாக இருக்கிறது" என்றான். பில்லுக்குப் பணத்தை நான் கொடுத்துவிட்டேன்.