மாமாவின் பழைய பெட்டியும் இரண்டு சைக்கிள் டைனமோவும்

"உது என்ன தம்பி, வைபை றவுட்டரே?"

புதுக் கணினியை மேசையில் வைத்ததும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். அவரில் பிழை சொல்ல முடியாது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே இன்டெல் என்100 என்ற சிப். மேசைக்குக் கீழே அவருடைய பழைய கணினி, கோர் 2 டுவோ ஈ8400 சிப் போட்டது, நிமிர்ந்து நின்றது. போர் முடிந்து ஏ9 பாதை திறந்த கையோடு, 2010இல் கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அந்த சீற்றில் மாமிக்கே இடமில்லாமல் போனது இன்றைக்கும் வீட்டில் பேசப்படும் கதை.

பழையது 65 வாற். புதியது 6 வாற். மாமா படித்த வாத்தியார், கணக்கு உடனே வந்தது. "பத்திலை ஒரு பங்குகூட இல்லை. 6 வாற்றிலை என்னடா செய்யலாம்?"

"உங்கட ஹோலிலை எரியிறது 9 வாற் பல்ப் மாமா. முந்தி அந்த இடத்திலை 60 வாற் குண்டு பல்ப் இருந்தது."

அதற்குப் பிறகு கொஞ்சம் காது கொடுத்தார்.

இங்கே கணினி வாங்கப் போகிற பலர் இன்னும் கிகாஹேர்ட்ஸையும் (சிப்பின் துடிப்பு வேகம்) வாற்றையும் பார்த்துத்தான் சிப்பை எடைபோடுகிறார்கள். ஈ8400 வெளிவந்தது 2008 ஜனவரியில். 3 கிகாஹேர்ட்ஸ், இரண்டு கோர் (சிப்புக்குள் வேலை செய்கிற மூளைப் பகுதி). 2023இல் வந்த என்100 அதிகபட்சம் 3.4 கிகாஹேர்ட்ஸ், நாலு கோர். எண்ணை மட்டும் பார்த்தால் பதினைந்து வருசத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை என்றுதான் தோன்றும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. பழைய சிப்பின் ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் 96 கட்டளைகள் வரை கையில் வைத்துக்கொண்டு, எது தயாரோ அதை முதலில் முடிக்கும். என்100இன் ஒவ்வொரு கோரும் 256 வரை வைத்திருக்கும். ஒன்று தரவுக்காகக் காத்திருந்தாலும் மற்றவை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, றாம், ஓடுகிற வேலைக்கான தற்காலிக நினைவகம். கோர் 2 காலத்தில் றாமைக் கட்டுப்படுத்துகிற பகுதி பிரதான சிப்புக்குள் இல்லை, மதர்போர்டில் வேறொரு சிப்பாக இருந்தது. எது வந்தாலும் போனாலும் நடுவில் ஒரே ஒரு பாதை. சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும் வரை யாழ்ப்பாணத்துக்கு லொறி எல்லாம் ஆனையிறவால்தான் வரவேண்டியிருந்ததே, அதே கதை. அந்த நெருக்கடியைச் சமாளிக்கத்தான் ஈ8400க்குள் 6 எம்பி கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன வேக நினைவகம், வைத்தார்கள். என்100இல் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது.

சரி, நடைமுறைக்கு வருவோம். மாமாவின் படங்கள் நிறைந்த ஒரு கோப்புறையை இரண்டிலும் சுருக்கிப் பார்த்தேன். பழையதில் 11 நிமிடம், புதியதில் 5 நிமிடத்துக்குள். ஆனால் மாமாவுக்கு வித்தியாசம் தெரிந்தது அதில் இல்லை, யூரியூப்பில். அவருக்குத் தவில் கச்சேரி பார்க்கவேண்டும். இப்போது வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவம். என்100இல் அவற்றை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பழையதில் அது இல்லாததால் இரண்டு கோரும் முழுமூச்சாக ஓடும், ஃபான் இரையும், அப்படியும் தவில்காரரின் கை ஓரிடத்தில் நிற்க சத்தம் இன்னோரிடத்தில் கேட்கும். கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைகளோடு வீடியோ கோலிலும் இதே பாடு.

மின் கணக்குக்கு, சுவர் பிளக்கில் செருகும் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கினேன். மொனிற்றரை விட்டுவிட்டுப் பார்த்தால், வீடியோ ஓடும்போது பழையது 85 வாற், சும்மா நிற்கும்போது 60. புதியது வீடியோ ஓடும்போது 12, சும்மா நிற்கும்போது 8. (அந்த 6 வாற் என்பது சிப்புக்கு மட்டும். முழுவேகத்தில் ஓடவிட்டால் இந்தச் சின்னப் பெட்டியும் 20ஐத் தாண்டும். விளம்பரத்தை அப்படியே நம்பவேண்டாம்.) மாமா ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் போட்டு வைத்திருப்பார். சராசரியாக 70 வாற் என்றால் மாதம் 17 யூனிற் அளவில் வரும். புதியதுக்கு இரண்டரையும் வராது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம் என்று கட்டணம் ஏறிய நாட்டில், பில்லை 60 யூனிற்றுக்குள் அடக்கப் பார்க்கிற வீட்டில் அந்தப் பதினாலு பதினைந்து யூனிற் சின்ன விசயமில்லை.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது மாமாவின் யூ.பி.எஸ் பத்து நிமிடத்தில் கத்தத் தொடங்கிவிடும். இந்தப் பெட்டிக்கு 12 வோல்ற் அடப்டர். அளவான வயரும் ஃபியூஸும் போட்டு 12 வோல்ற் பற்றறியில் கொழுவிப் பார்த்தேன், ஓடியது. இதைப் பார்த்துத்தான் மாமாவுக்குப் பழைய ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, அவர் டைனமோவில் ரேடியோ கேட்பார். நான் களைத்தால் செய்தியும் களைக்கும். "அந்த டைனமோ எத்தினை வாற்?" என்றார். மூன்று என்றேன். "அப்ப உந்தச் சிப்புக்கு ரெண்டு சைக்கிள் காணும்." 65 வாற் சிப்புக்கு எத்தனை சைக்கிள் வேண்டும் என்பதையும் அவரே பிரித்துப் பார்த்தார். இருபத்திரண்டு.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். இதை வாங்குவதற்கு முன் ரவுணில் ஒரு கடையில் விசாரித்தேன். "உது போன் சிப் அண்ணை, நிண்டு பிடிக்காது. ஐ5 இருக்கு, கொண்டு போங்கோ" என்றார்கள். எத்தனையாம் தலைமுறை என்று கேட்டால் பதில் இல்லை. திறந்து பார்த்தால் ஐ5 2400. 2011இல் வந்த, 95 வாற் சிப். நாலு கோரும் சேர்ந்து செய்கிற வேலையில் என்100 அதற்குச் சளைத்ததல்ல, மின்சாரத்தில் பேச்சே வேண்டாம். ஏ.எல் படிக்கிற பிள்ளைக்கு "ஐ5" என்ற பெயரைக் கேட்டுத் தகப்பன்மார் காசை எண்ணிக் கொடுப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. அதே பெயரில் 2015இல் வந்த ஐ5 6500 என்றால் நானும் வாங்கு என்பேன். அது என்100க்கு இன்றைக்கும் சரிசமமாக நிற்கும், றாமும் தாராளமாகப் போடலாம்.

சின்னப் பெட்டியிலும் குறை உண்டு. சிப் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது, பழுதானால் கழற்றி மாற்ற வழியில்லை. றாமுக்கு ஒரே பாதை, இன்டெல் சொல்கிற உச்சம் 16 ஜிபி. நான் வாங்கியது ஃபான் இல்லாத பெட்டி. என் மடத்தனத்தால் அதை மேற்கு ஜன்னலோரம், மொனிற்றருக்குப் பின்னால் பூட்டிவிட்டேன். சித்திரை வெயில். மூன்று மணிக்குப் பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். சூட்டுக்குப் பயந்து சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, மாமா "பழசே திறம்" என்று அறிவித்துவிட்டார். இடம் மாற்றிய பிறகுதான் அடங்கினார்.

பழையதைக் கழற்றியபோது சூட்டை இறக்குகிற ஹீற்சிங்க் முழுக்கச் செம்மண் தூசி, பவர் சப்ளைக்குள் இரண்டு பல்லி முட்டைக் கோது. சிப்பின் மேல் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. அப்படியிருந்தும் துடைத்துப் போட்டதும் ஒரே அழுத்தில் எழும்பியது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்போ இந்தச் சிப்பில் இல்லாத கட்டளைகளைக் கேட்கிறது. லினக்ஸ் போட்டுத் தாறன் என்றேன், மாமா வேண்டாம் என்றார். அதில் இருக்கிற பழைய விண்டோஸ் எக்ஸ்பியே போதுமாம்.

பழையதை அவர் விடாததற்குக் காரணம், கோயில் உபயகாரர் பட்டியல் அடிக்கிற டொட் மற்றிக்ஸ் பிரின்டரின் தடித்த வயருக்குப் புதுப் பெட்டியில் ஓட்டையே இல்லை. இப்போது ஈ8400 அலுமாரிக்கு மேலே, மாமியின் பழைய சேலைத்துண்டு போர்த்திக்கொண்டு இருக்கிறது. கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன் இறக்குவார்களாம். இறக்குவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், பாரம் அப்படி.