ஜாவா தேடும் தம்பிகளே, புக்கை மட்டும் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி லாஸ்பேட்டை தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, பழைய ஜாவா பைக் ஒண்ணு கிடைச்சிருக்கு. நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டா தைரியமா அட்வான்ஸ் குடுத்துடுவேன்." வண்டி நின்ற இடம் கடலூருக்கும் பாகூருக்கும் நடுவே, தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் ஒரு கிராமம். நான் இருக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அரை மணி நேரம்தான். கிளம்பிவிட்டேன்.

மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் நின்றிருந்தது. டேங்க் பழைய ஜாவாவுடையது, பக்கவாட்டு குரோமை உப்புக்காற்று தின்றிருந்தது. முன் ஃபோர்க் யெஸ்டி ரோட்கிங்கினுடையது. இன்ஜினின் ஒரு பக்க மூடியில் ஜாவா, மறுபக்கம் யெஸ்டி. ஹெட்லைட் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. கிக்கரை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். ஜாவாவில் உதைக்கிற கிக்கரும் கியர் லிவரும் ஒன்றேதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிக்கரோடு இன்ஜினும் சுற்றியது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்புறம் சேஸிஸ் நம்பரை, அதாவது வண்டியின் சட்டத்தில் கம்பெனி பொறித்த எண்ணைத் தேடினேன். ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பெயிண்ட் மேல் பெயிண்ட், அதற்குக் கீழே துரு. விரலால் தடவினால் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கூடவே நின்ற புரோக்கர் சொன்னார்: "நம்பர் தெரியலன்னா என்ன சார், எங்கிட்ட ஜாவா ஆர்.சி. புக் ஒண்ணு சும்மா கிடக்கு. அந்த நம்பரையே பஞ்ச் அடிச்சுக்கலாம். பதினஞ்சாயிரம் சேர்த்துக் குடுத்தா வேலை முடிஞ்சுது."

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

முதலில் கலப்பு உதிரிபாகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நான் ஒருநாளும் குற்றமாகப் பார்த்ததில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960களின் தொடக்கத்திலிருந்து வண்டி செய்தது. 1970களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. பெயர்தான் மாறியது, உள்ளே பெரும்பாலும் அதே 250 சிசி டூ ஸ்ட்ரோக். ரோட்கிங் 1978-இல் வந்தது. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகும் கரும்புத் தோட்டத்துக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் நம் ஊர் மெக்கானிக்குகள். ஜாவா ஃபோர்க் வளைந்தால் யெஸ்டி ஃபோர்க், அதுவும் இல்லையென்றால் காயலான் கடையில் எது கிடைத்ததோ அது. எட்டு வீட்டுத் துணியில் தைத்த சட்டை போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணம் உண்டு, வண்டியை நிறுத்திவிடக் கூடாது என்ற அக்கறை உண்டு. அப்படிப்பட்ட வண்டியை வாங்குங்கள், ஓட்டுங்கள். கலப்பு வண்டிக்குரிய விலையைக் கொடுங்கள். "முழு ஒரிஜினல்" என்று சொல்லி அதன் தலையில் இன்னொரு ஐம்பதாயிரத்தை ஏற்றுகிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பழைய பதிவு உயிரோடு இருந்தால் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது, இவ்வளவுதான். எனவே இன்ஜின் மாறிய வண்டியைக் காட்டி "விண்டேஜ் பதிவு ஈஸியா வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தினமும் ஓட்ட வேண்டும் என்றால் சாதாரண ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போவதுதான் வழி. நாம் எஃப்சி என்று சொல்வோமே, அதுதான்.

சரி, நம்பருக்கு வருகிறேன்.

மட்கார்டு, டேங்க், சைலன்சர் எல்லாம் மறுபடி செய்துகொள்ளலாம். சேஸிஸ் நம்பரை அப்படிச் செய்ய முடியாது. அது தெளிவாக இல்லாமல் போவதற்கு நேர்மையான காரணமும் உண்டு, நேர்மையற்ற காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கடலோரத்தில் துரு ஒரு காரணம். நாலு தடவை பெயிண்ட் அடித்தது ஒரு காரணம். செயின் அறுந்து கிராங்க்கேஸ் உடைந்து, நம்பர் இருந்த பாதியையே மாற்றியிருப்பார்கள், அது இன்ஜின் நம்பர் இல்லாமல் போனதற்கு ஒரு காரணம். இதையெல்லாம் மண்ணெண்ணெயும் பெயிண்ட் ரிமூவரும் பழைய துணியும் வைத்துப் பொறுமையாகத் துடைத்தாலே பாதி தெரிந்துவிடும். தயவு செய்து உப்புத்தாள் போடாதீர்கள். கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

திருத்திய நம்பர் வேறு மாதிரி இருக்கும். இரும்பின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் காணாமல் போய் வழுவழுப்பாக இருக்கும், லேசாகக் குழிந்திருக்கும். எழுத்துகளின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறும், வரிசை வளையும். கழுத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் இன்னும் மோசம், ஒரு வண்டியின் கழுத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ராவிவிட்டால் தெரியாது என்று நினைக்கிறார்கள். பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கிப் போகிறது. மேலே ராவிய பிறகும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவினால், ரொம்ப ஆழமாக ராவாதவரை, பழைய எண் மங்கலாக மேலே வரும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், 2009-இல் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பழைய புல்லட். நம்பர் தெளிவாக இருந்தது, புக்கோடு ஒத்தும் போனது. சந்தோஷமாக வாங்கினேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றப் போனபோது ஆய்வாளர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கம்பெனி பஞ்ச் இல்ல" என்றார், அவ்வளவுதான். விற்றவரின் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள், எந்தப் புகாரோடும் பொருந்தவில்லை. வண்டி திரும்ப என்னிடமே வந்தது. ஓட்ட முடியாது, விற்க மனசு வராது. வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அந்தத் தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் பணம் நினைவுக்கு வருவதில்லை. ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்று, வண்டியைக் காணாமல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்திருக்கும் யாரோ ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் பால்காரராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம். தவணையில் வாங்கியிருக்கலாம். அவர் தேடிய வண்டி என் வீட்டில் இருக்கிறது, அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த வழியை அடைத்தது அந்தப் பஞ்ச்தான்.

ஆகவேதான் புக் வியாபாரம் என்றாலே எனக்குக் கோபம் வருகிறது. வண்டி காயலான் கடையில் இரும்பாகப் போய்விட்டது, புக் மட்டும் பெட்டியில் இருக்கிறது. முறைப்படி பதிவை ரத்து செய்து ஒப்படைக்க வேண்டிய காகிதம் அது. அதற்கு விலை இருக்கிறது என்றால் அது எதற்காக என்று யோசியுங்கள். திருட்டு வண்டிக்கு முகம் கொடுப்பதற்காகத்தான் பெரும்பாலும். வாங்குகிற நாம் இல்லையென்றால் அந்தப் புக்குக்குப் பத்து ரூபாய் கூட கிடைக்காது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-இன் கீழ் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை.

"அண்ணா, பேப்பர் இல்லைன்னா நல்ல வண்டியெல்லாம் இரும்புக்குப் போயிடுமே" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தில் "புக் போயிடுச்சு" என்பது எப்போதும் பொய் இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டிகள் நனைந்தன என்று நமக்குத் தெரியும். ஆனால் உரிமையாளர் யார் என்று தெரிந்தால் வழி இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, 26-ஆம் எண் படிவத்தில் நகல் ஆர்.சி. கேட்கலாம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு 31-ஆம் எண் படிவம். பழைய பதிவுகள் பல கணினியில் ஏறியிருக்காது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய லெட்ஜரைத் தேடி பேக்லாக் போடச் சொல்ல வேண்டும், அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அலைச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். நாலு தடவை திருப்பி அனுப்புவார்கள். மாநிலம் மாறினால் இன்னும் ஒரு படி கூடும். கடலூரும் புதுச்சேரியும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் கடலூர் வண்டியைப் புதுச்சேரிக்கு மாற்ற 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும். இந்த அலைச்சலைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்திடம் நாம் சேர்ந்து கேட்கலாம், கேட்க வேண்டும். பஞ்ச் செட்டைக் கையில் எடுப்பது அதற்குப் பதில் ஆகாது.

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் புரோக்கரை அனுப்பிவிட்டு, வீட்டு ஆயாவிடம் போய் உட்கார்ந்தோம். வண்டி அவருடைய வீட்டுக்காரருடையது, அவர் இறந்து பல வருடம் ஆகிறது. "புக்கா? இரு தம்பி, அவரு எதையும் தூக்கிப் போட்டதில்ல" என்று உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். தென்னாற்காடு மாவட்டம் என்று முத்திரை போட்ட புக். 1993-இல் மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிவதற்கு முந்தையது. ஓரமெல்லாம் நனைந்து, சேஸிஸ் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் மை கரைந்து போயிருந்தன.

தம்பியும் நானும் மத்தியானம் முழுக்கக் கழுத்தைத் துடைத்தோம். பெயிண்ட் நாலு அடுக்கு, பச்சை, கறுப்பு, மறுபடி கறுப்பு, கடைசியில் ஆலையிலிருந்து வந்த சிவப்பு. வெள்ளைத்தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தபோது நம்பர் வரிசையாக மேலே வந்தது. ஒரே ஆழம், ஒரே இடைவெளி. புக்கில் அழியாமல் இருந்த எண்கள் அத்தனையும் ஒத்துப்போயின. தம்பி அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. "பழசு ஒடைஞ்சுபோச்சுன்னு பண்ருட்டியில போயி மாத்தினாரு" என்று ஆயா சொல்கிறார், எந்த வருடம் என்று நினைவில்லை. இன்ஜின் மாற்றினால் அலுவலகத்தில் சொல்லிப் பதிந்திருக்க வேண்டும். பழைய லெட்ஜரில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாரிசுச் சான்றிதழுக்கு ஆயாவின் மகன் மனு போட்டிருக்கிறார். பதில் வரும்வரை அட்வான்ஸ் வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன், ஆயாவும் கேட்கவில்லை. வண்டி இன்னும் அதே கொட்டகையில்தான் நிற்கிறது. தம்பி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், டேங்க் துருவைக் கழுவி, கிக்கரை நாலு சுற்று சுற்றிவிட்டு வருகிறான்.