எல்லாம் ஒண்டுதானாம்!

ஞாயிற்றுக்கிழமை காலமை ஏழு மணிக்கு என்ர டபுள் கப் வண்டிக்குக் கீழ பூந்தனான். பதினொண்டரைக்கும் அதே காட்போட் மட்டையில, அதே நட்டை அண்ணாந்து பாத்துக்கொண்டு கிடக்கிறன். பின் டிஃபரன்சலில ஒயில் விடுற நட்டு. டிஃபரன்சல், சுருக்கமா டிஃப் எண்டால், எஞ்சின்ர சுழற்சியை ரெண்டு பக்கச் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுச்சில்லுப் பெட்டி. 24 சைஸ். ஒரு காலத்தில ஆறு மூலை இருந்திருக்கும், இப்ப தோடம்பழம் மாதிரி உருண்டை. சுத்திவரக் கறுப்புச் சிலிக்கன் அப்பிக் கிடக்கு. இதை இறுக்கின மகராசன் ஸ்பனரில ரெண்டு முழப் பைப்பைக் கொழுவி, அதில ஏறி நிண்டு துள்ளியிருக்க வேணும். இதென்ன கப்பல் நங்கூரமா? ஒரு செப்பு வோசரும், ஒரு மனிசன்ர சாதாரண கைப்பலமும் காணும், ஒரு சொட்டு வெளிய வராது.

துருவை நான் குறை சொல்லேல்ல. உப்புக்காத்து அடிக்கிற திருகோணமலையில சுவரில அடிச்ச ஆணியே ஆறு மாசத்தில அரிச்சுப் போடும். துரு தன்ர வேலையைச் செய்யுது. தங்கட வேலையைச் செய்யாத ஆக்களில்தான் எனக்கு விசர்.

இதுக்குள்ள கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள்ள திரியுற மானொண்டு கேற்றுக்குள்ளால வந்து, நான் படுத்திருக்கிற மட்டையின்ர கால்மாட்டுப் பக்கத்தைச் சப்பத் தொடங்கிட்டுது. துரத்தவும் ஏலாது, எழும்பவும் ஏலாது. சப்பு ராசாத்தி, நீயாவது பசியாறு எண்டு விட்டிட்டன்.

இந்த வேலையில முதல் பாடம் ஒண்டு இருக்கு. மேல் நட்டைக் கழட்டினாப் பிறகுதான் கீழ் நட்டில கை வைக்க வேணும். மேலது ஒயில் விட, கீழது வடிக்க. கீழதை முதல் திறந்து முழுக்க வடிஞ்சாப் பிறகு மேலது கழறாட்டி, வண்டி நிண்ட இடத்திலயே சவம். எனக்கு இது தெரியும். மனிசியின்ர தம்பிக்குத் தெரியாது. நான் தண்ணி குடிக்க உள்ள போய் ரெண்டு நிமிசம் ஆகேல்ல, “அத்தான், கீழது லேசாக் கழண்டிட்டுது!” எண்டு சந்தோசமாக் கத்துறான். உதவி செய்யிறானாம்.

ஓடிவந்து பாத்தா பெயின்ற் வாளிக்குள்ள கொட்டுது. கொட்டுறது ஒயிலோ எண்டு கேளுங்கோ. பால் தேத்தண்ணி! நல்லாக் காய்ச்சி ஆத்தின பால் தேத்தண்ணி நிறம், மேல நுரையும் கிடக்கு. டிஃப் ஒயில் கறுப்பா வந்தா வயசு போட்டுது எண்டு அர்த்தம், மன்னிக்கலாம். பால் நிறத்தில வந்தா உள்ள தண்ணி.

தண்ணி எப்ப போனது எண்டு எனக்கு நாள் வரைக்கும் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முந்தின மார்கழி மழையில தம்பலகாமத்து வயல் றோட்டால சில்லு மறையிற வெள்ளத்துக்குள்ள வந்தனான். ஓடிச் சூடான டிஃப் திடீரெண்டு குளிர்ந்த தண்ணிக்குள்ள இறங்கினா உள்ள இருக்கிற காத்துச் சுருங்கும். அப்ப காத்தை இழுக்க மேல பிறீதர் எண்டு ஒரு சின்ன மூடி இருக்கு. என்ர வண்டியில அதுக்குள்ள குளவி களிமண் கூடு கட்டி வச்சிருந்தது. மூக்கு அடைச்சா வாயால மூச்சு விடுறமெல்லோ, அதே மாதிரி டிஃப்பும் சீல் ஓரத்தால வெள்ளத்தை உறிஞ்சிப் போட்டுது.

இதெல்லாம் தெரிஞ்சுதான் வெள்ளம் வடிஞ்ச கிழமையே டவுனுக்குள்ள ஒரு சேவிஸ் ஸ்ரேசனில விட்டனான். பேர் சொல்லேல்ல. பில் இன்னும் டாஷ்போட்டுக்குள்ள கிடக்கு: டிஃப் ஒயில், முன் பின் ரெண்டும், கூலி தனி. காசு எண்ணிக் குடுத்தனான்.

இப்ப ஸ்குரூ டிறைவரால அந்தக் கறுப்புச் சிலிக்கனைச் சுரண்டுறன். சிலிக்கனுக்கு மேல என்ன கிடக்கு தெரியுமோ? தம்பலகாமத்துக் களி. அந்த வெள்ளத்தின்ர அதே சாம்பல் களி, காஞ்சு ஓடு மாதிரி. அதுக்கு மேல ரெண்டு வருசத் தூசி. அந்தக் களியில ஒரு ஸ்பனர் பட்ட கீறல் இல்லை. ஒரு விரல் பட்ட அடையாளம் இல்லை. என்ர காசு மட்டும்தான் மாறியிருக்கு, ஒயில் மாறேல்ல.

அதிலயே படுத்துக்கிடந்து அந்த ஆளுக்கு போன் அடிச்சன்.

“அண்ணை, நீங்கள் இந்த நட்டைத் திறக்கவே இல்லை.”

“செக் பண்ணினனாங்கள் தம்பி. அந்த நேரம் ஒயில் நல்லாத்தான் இருந்தது.”

“பில்லில மாத்தினது எண்டெல்லோ கிடக்கு?”

“செக் பண்ணுறதும் மாத்துறதும் ஒண்டுதானே தம்பி.”

திறக்காமல் என்னெண்டு செக் பண்ணினனியள்? எக்ஸ்ரே பிடிச்சுப் பாத்தனியளோ? கேக்க முதல் போனை வச்சிட்டார்.

கீழ் நட்டில ஒரு காந்தம் இருக்கும். உள்ள இருக்கிற பல்லுச்சில்லுத் தேயேக்க வாற இரும்புத் தூளை அது பிடிச்சு வச்சிருக்கும். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தா சரி, எல்லா வண்டியிலயும் வாறதுதான். என்ர காந்தத்தைத் துணியால துடைச்சுக்கொண்டு வாறன், பசைக்குள்ள நறுக்கெண்டு ஏதோ ஒண்டு. வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தா, குத்தரிசி மணியளவு இரும்புத் துண்டு, ஒரு பக்கம் பளபளக்குது. அது ஏதோ ஒரு பல்லின்ர நுனி. அதைப் பாத்தோன்ன வயித்துக்குள்ள என்னவோ செஞ்சுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்து விட்டவங்கள். திறந்தும் என்ன, வரியோட சேத்து விலையைக் கேட்டா என்னை மாதிரி ஆக்கள் கேட்ட காதைப் பொத்திக்கொண்டு வீட்டை வர வேண்டியதுதான். இந்தக் கிழட்டு வண்டிதான் எனக்கு நெல்லேத்த, உரமேத்த, அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போக எல்லாத்துக்கும். இதுக்கு இன்னொரு டிஃப் தேடிப் போற நிலைமை வரக்கூடாது.

“ஒண்டுதான்” எண்ட கதை அண்டைக்கு மட்டும் கேட்டதில்லை. முதல் நாள் சனிக்கிழமை ஒயில் வாங்கப் போன கடையிலயும் அதே பாட்டுத்தான்.

என்ர வண்டிப் புத்தகத்தில கியர் பெட்டிக்கு ஜிஎல் 4, டிஃப்புக்கு ஜிஎல் 5 எண்டு ஒயிலின்ர தரக் குறி கிடக்கு. ரெண்டையும் துண்டில எழுதிக்கொண்டு போனனான். கடைக்காரர் துண்டை வாங்கிப் பாக்கவுமில்லை. ஒரே கானை ரெண்டு தரம் தூக்கி மேசையில வச்சார்.

“இது ரெண்டுக்கும் ஒண்டுதான் தம்பி. கியர் ஒயில் எண்டால் கியர் ஒயில்தானே.”

ஐயா, டிஃப்புக்குள்ள பினியன் எண்ட சின்னச் சில்லு, பெரிய கிரவுண் சில்லின்ர நடுவுக்கு நேர நிக்கிறதில்லை. கொஞ்சம் கீழ இறங்கித்தான் நிக்கும். அதால பல்லும் பல்லும் ஒண்டில ஒண்டு உருளுறதோட நிக்காமல் இழுபட்டு உரஞ்சும். சும்மா ஒயிலெண்டால் அந்த உரசலிலயே வழிச்சுத் துடைச்சுப் போடும். அதுக்குத்தான் ஜிஎல் 5 இல கந்தகம், பொசுபரசு கலந்த மருந்து கூடப் போடுறது. சூட்டிலயும் அழுத்தத்திலயும் அது இரும்பில மெல்லிய தோல் மாதிரிப் பிடிச்சுப் பல்லைக் காக்கும். கூழ்முட்டை மாதிரி அந்த நாத்தம் வாறதும் அந்தக் கந்தகத்தாலதான். மூண்டு நாள் சவுக்காரம் போட்டாலும் கையை விட்டுப் போகாது.

அதே மருந்து கியர் பெட்டிக்குப் போனா? அங்க கியர் மாத்தேக்க சில்லுகளின்ர வேகத்தை ஒண்டாக்கிற சிங்ரோ வளையம் பித்தளை. சில வகை ஜிஎல் 5 அந்தப் பித்தளையை நாள்பட அரிக்கும். அதோட, அந்த வளையம் உரஞ்சிப் பிடிச்சாத்தான் கியர் பதமா விழும். அதை வழுக்கப் பண்ணினா ரெண்டாம் கியருக்கு மாத்தேக்க கறகறவெண்டு பல்லைக் கடிக்கும். ரெண்டுக்கும் பொருந்தும் எண்டு தகரத்திலயே அச்சடிச்சு வாற ஒயிலும் இருக்கு, இல்லையெண்டில்லை. அவர் தூக்கி வச்ச கானில அப்பிடி ஒரு எழுத்துமில்லை. அடுத்த கடை இன்னும் விசேசம்: பரலில இருந்து சோடாப் போத்தலுக்குள்ள ஊத்தித் தாறன், மலிவு எண்டார். என்ன ஒயில் எண்டு கேட்டன். “நல்ல ஒயில்” எண்டார்.

எங்கட ஊர் எந்த ஊர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சீனக்குடாவில பிரிட்டிஷ்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது. ஒவ்வொண்டும் ஆயிரக்கணக்கான தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் வந்து இந்தத் துறைமுகத்தில குண்டு போடேக்க எண்ணெய்த் தாங்கியும் தப்பேல்ல. உலகத்து நாடெல்லாம் இந்தத் தாங்கியளில கண் வச்சுக்கொண்டிருக்கிற ஊரில, ரெண்டரை லீற்றர் சரியான ஒயில் வாங்க நான் நாலு கடை ஏறி இறங்கினனான். நாலாவதில ஒரு பெடியன் துண்டை வாசிச்சு, ரெண்டு வேற வேற கான் எடுத்துத் தந்தான். வாசிச்சான்! கும்பிடலாம் போல இருந்தது.

சரி, நட்டுக்கு வாறன். ஸ்பனர் வழுக்குது. பைப் ரெஞ்சும் வழுக்குது. மச்சான்காரன் தான் செய்த பிழைக்குப் பரிகாரமா உளியைக் கொண்டாறன் எண்டு நிக்கிறான். சத்தம் கேட்டு முன்வீட்டு ஐயா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்தார். எண்பதை எட்டப் போற மனிசன். குனிஞ்சு பாத்தார், ஒண்டும் கதைக்கேல்ல, திரும்பிப் போனார். எனக்குக் கொஞ்சம் கோவமும் வந்தது. பத்து நிமிசத்தால ஒரு தகரப் பெட்டியோட வாறார். அவற்ற தகப்பன் பிரிட்டிஷ் கடற்படையின்ர டொக்யாட்டில பிற்றரா இருந்தவர். 1957 இல வெள்ளைக்காரன் கப்பலேறிட்டான், பெட்டி இங்க நிண்டிட்டுது. உள்ள எல்லாம் அங்குலக் கணக்குச் சொக்கெற், எண்ணெய்த் துணியில சுத்தி அடுக்கி, ஒரு பொட்டுத் துரு இல்லை. டச்சுக்குடா காத்தில, அத்தனை வருசம்!

“இது 15/16. உன்ர 24 ஐ விட ஒரு மயிரிழை சின்னன். ஆறு மூலை. சுத்தியலால அடிச்சு ஏத்து.”

மயிரிழைதான். 15/16 அங்குலம் எண்டால் 23.8 மில்லிமீற்றர். அந்த 0.2 தான் அந்த உருண்டையைக் கவ்விப் பிடிக்கப் போகுது. நட்டின்ர முகத்தில முதல் நாலு அடி, துரு அதிர. பிறகு சொக்கெற்றை வச்சு இறுக அடிச்சு ஏத்தி, கம்பியைப் போட்டு ஒரே இழுவை. டங் எண்டு ஒரு சத்தம். ஏதோ உடைஞ்சு போச்சு எண்டுதான் நினைச்சன். நட்டுச் சுழண்டுது.

ஐயா பெருமை பேசிக்கொண்டு நிக்கேல்ல. “கழுவித் துடைச்சுக் கொண்டந்து தா” எண்டிட்டுப் போட்டார். சோத்துக்குக் கூப்பிட்டும் வரேல்ல.

பிறகு நடந்தது பெரிய கதையில்லை. ஜக்கை இறக்கி வண்டியைச் சமனா நிப்பாட்டி, பின் தட்டில கானை வச்சு, பழைய ஹோஸ் துண்டால மேல் ஓட்டைக்கு ஒயிலை விட்டது. கெட்டி ஒயில், பாணி வடியிற மாதிரித்தான் இறங்கும். விளிம்பால ஒழுகத் தொடங்கினா நிறைஞ்சிட்டுது. தண்ணி பட்ட டிஃப் எண்டபடியா நிலாவெளி வரைக்கும் ஓடிப்போய் வந்து சூட்டோட திரும்ப வடிச்சன். இன்னும் கொஞ்சம் பால் வந்தது. அந்த ரெண்டரை லீற்றரும் வாளிக்கு. திங்கட்கிழமை புது நட்டு, புது வோசர், இன்னொரு கான். இதெல்லாத்துக்கும் ஏற்கெனவே ஒருக்காக் காசு கட்டினவன் நான். பில் டாஷ்போட்டுக்குள்ள இருக்கு.

வோசர் வாங்கேக்க செப்பு வோசர் தாங்கோ எண்டு கேட்டன். றப்பர் ஒண்டை எடுத்து நீட்டினார்.

அவர் வாயைத் திறக்க முதல் நான் கடையை விட்டு வெளிய வந்திட்டன்.

இன்னும் முன் டிஃப் கிடக்கு. இண்டைக்குக் காலமை ரோச் அடிச்சுக் குனிஞ்சு பாத்தன். நட்டைச் சுத்திக் கறுப்புச் சிலிக்கன். அதுக்கு மேல சாம்பல் களி. ஐயாவின்ர சொக்கெற்றை இன்னும் திருப்பிக் குடுக்கேல்ல.